எந்தப் ‘போகலாமா’வுக்கு வந்தது வெள்ளைப் பூ?

செல்லியம்மன் சந்நிதியில் வெள்ளிதோறும் கூடும் உங்கள் எல்லோருக்கும் கலைச்செல்வியின் வணக்கம். இந்த ஆடி வெள்ளியன்று என் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவதற்குள் அழுதுவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். “பேச வரலன்னா எழுதிக் குடும்மா, கோயில் மலர்ல போடுவோம்” என்றார் பூசாரி. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

எங்களுக்கு ஒரே மகள். பெயர் தேன்மொழி. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது தெரியவந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. பெயர் வைத்து வெகு நாளாகிவிட்டது. பேச்சு வராத பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு வயிறு எரியும். அந்தப் பெயரை முழுதாகச் சொல்லவே கூச்சமாக இருக்கும். தேனு என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குத்தான் அது கேட்காதே, எப்படிக் கூப்பிட்டால் என்ன என்றும் சில நாள் தோன்றும். இப்படியெல்லாம் நினைத்தவள்தான் நான். மறைக்க விரும்பவில்லை.

அப்போது சென்னையில் பல்லாவரம் பக்கம் இருந்தோம். என் கணவர் முருகேசன் ஏசி மெக்கானிக். நான் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கீழ்த்தளத்தில் கிரில் பட்டறை. காலை ஒன்பது மணிக்குக் கம்பி அறுக்கும் மெஷின் கத்த ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும். நாங்கள் பழகிவிட்டோம். பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம்.

மகளுக்கு இரண்டரை வயதில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் மாட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்தால் பிள்ளை பேசிவிடும் என்று இருந்தேன். பேச்சுத் தெரபி சொல்லிக் கொடுக்கும் சுமதி டீச்சர் முதல் நாளே என்னை உட்காரவைத்து விளக்கினார்.

“மெஷின் சத்தத்தத்தாம்மா குடுக்கும். பேச்சக் குடுக்காது. பேச்சு கேட்டுக் கேட்டுத்தான் வரணும். இன்னிக்குத்தான் இவ பொறந்தான்னு வெச்சுக்கங்க.”

வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் தெரபி. ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த ஒன்றரை வருஷத்தில் என் மகள் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. ‘போ.’

பொம்மைக் காரைத் தள்ளி டீச்சர் ‘போ’ என்று சொல்லிக் கொடுத்தார். உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம் என்பதால் அது சீக்கிரம் வந்தது. ‘வா’வும் சொல்லிக் கொடுத்தார். அது வரவே இல்லை. காரைப் பார்த்துப் போ. பூனையைப் பார்த்துப் போ. சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனால் என்னைப் பார்த்தும் போ. பெற்ற மகள் வாயிலிருந்து அம்மா என்று வரும் முன்பே போ என்று வந்தால் எப்படி இருக்கும்? நான் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்வேன்.

டீச்சர் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. “நான் சொல்லிக் குடுத்து அவ சொல்றது பெருசில்ல. யாரும் சொல்லிக் குடுக்காத ஒரு வார்த்தைய, தானா காதுல வாங்கி, அவ என்னிக்குச் சொல்றாளோ, அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க. அதுக்கப்புறம் அவள நிறுத்த முடியாது” என்பார். அந்த நாளுக்காகத்தான் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஏற்றியதைக் கொடுக்க முடியாது. வேறு வீடு பார்த்தால் அதைவிட அதிகம். நான் கடையில் இரவு ஒன்பது வரை நிற்க ஆரம்பித்தேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அந்த அக்கா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் காலையில் போட்ட டிவியை அணைப்பதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். “ஊருக்கே போயிடலாம் கலா. தஞ்சாவூர்ல இந்த வாடகையில பாதிக்கு வீடு கெடைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஏசி கடை இருக்கு, வாடாங்குறாங்க. நீ வேலைக்கே போக வேணாம்.”

“தெரபி?” என்றேன்.

“அங்கயும் பாக்கலாம்.”

“பாக்கலாமா? பாத்துட்டு இல்லன்னா என்ன பண்ணுவீங்க? சுமதி டீச்சர மூட்டையில கட்டி எடுத்துட்டுப் போவீங்களா?”

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்று தட்டில் சோறு காய்ந்துபோகும் வரை சண்டை. ஆனால் தெரபியை மட்டும் சொல்லிச் சண்டை போட்டேனே தவிர, உள்ளே இருந்த இன்னொரு பயத்தைச் சொல்லவில்லை. ஊரில் ஒரு காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பின் வரிசையில் யாரோ, “அதான் முருகேசன் பொண்ணு, அந்த ஊமைப் புள்ள” என்றது என் காதில் விழுந்தது. இலையில் பாயசம் விட்டிருந்தார்கள். அப்படியே மூடிவிட்டு எழுந்துவிட்டேன். சென்னையில் யாருக்கும் யாரையும் தெரியாது. என் பிள்ளையை அங்கே யாரும் ஊமை என்று சொல்லவில்லை. அந்த ஊருக்குத் திரும்பவும் கொண்டுபோய் அவளை நிறுத்தவா?

அதன் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. பல் தேய்க்கும்போது போய்விடலாம் என்று தோன்றும். தலை வாரும்போது வேண்டாம் என்று தோன்றும். கடையில் ஒரு அம்மாவுக்குப் பச்சைச் சேலையை எடுத்துக் காட்டிவிட்டு நீலம் என்று சொல்லியிருக்கிறேன். நெஞ்சு எப்போதும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். போனால் பிள்ளையின் பேச்சு போய்விடும். இருந்தால் நாங்கள் மூன்று பேரும் மூழ்கிப்போவோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மகள்தான் அடிபடுவாள் என்று தோன்றியது.

“நம்மால முடிவு பண்ண முடியல. நம்ம ஊரு செல்லியம்மாகிட்ட பூ கேட்டுடலாம்” என்றார் என் கணவர். அதற்கு மட்டும் நான் சண்டை போடவில்லை.

போன வருஷம் ஆடி மூன்றாவது வெள்ளி. கும்பகோணம் வரை ரயில், அங்கிருந்து வலங்கைமான் பஸ், அப்புறம் ஆட்டோ. நம் கோயில் வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் குறுவை நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. எனக்கு எதுவும் கண்ணில் பதியவில்லை. கோயில் வாசலில் என் கணவர் பின்னாலிருந்து “தேனு” என்று கூப்பிட்டார். பிள்ளை திரும்பிப் பார்த்தாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தற்செயலாகத் திரும்பியிருப்பாள் என்று நினைத்தேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த மலரை வெளியூரில் வாசிப்பவர்களும் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு பூவரச இலையில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. கேட்க வந்தவர்கள் தங்கள் கேள்வியை மனதில் நினைக்க வேண்டும். ஏதாவது ஒரு குழந்தை அதில் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சரி என்று உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

“கேள்விய வாய்விட்டுச் சொல்லாதீங்க. ரெண்டு பேரும் மனசுல அம்மாகிட்ட கேட்டுக்கங்க. ஒரு கேள்விக்கு ஒரு பூதான். சரியா வரலன்னு திரும்பக் கேட்டா கோச்சுக்குவா” என்றார் பூசாரி.

கண்ணை மூடினேன். அம்மா, போகலாமா என்று கேட்டேன். அவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை. தேனு இடது பக்கப் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. என் மகள் அந்தப் பூவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள். “போ.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிள்ளை வாயால் அம்மனே சொல்லிவிட்டாள் என்று விழுந்து கும்பிட்டேன். என் கணவரும் கும்பிட்டார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு தெளிவு. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பல நாளுக்குப் பிறகு ஒரு மசால் வடையை ருசித்துச் சாப்பிட்டேன்.

வடை முடியும் முன் என் கணவர் சொன்னார். “அப்பாடா. அம்மாவே சொல்லிட்டா. அடுத்த மாசமே வீட்டக் காலி பண்ணிடலாம்.”

“எதுக்குக் காலி பண்ணணும்?” என்றேன். “அதான் போகலாம்னு வந்துடுச்சே. சென்னைக்கே போயி இருப்போம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“நீ என்ன கேட்ட?”

“போகலாமான்னு கேட்டேன்.”

“நானும் போகலாமான்னுதான் கேட்டேன்.”

விஷயம் அப்போதுதான் புரிந்தது. அவர் சென்னையிலிருந்தபடி எப்போதும் ‘ஊருக்குப் போகலாம்’ என்றே பேசிப் பழகியவர். அதையே அம்மன் முன்னாலும் கேட்டார். நானோ ஊருக்கு வந்து நின்றேன். அங்கே நின்றவளுக்குப் போவது என்றால் சென்னைக்குத் திரும்பிப் போவது. ஒரே வார்த்தை, ஒரே பூ. இவருக்குத் தஞ்சாவூர், எனக்குச் சென்னை. பிள்ளை சொன்ன ‘போ’வையும் ஆளுக்கு ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டோம். முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

கும்பகோணத்தில் இறங்கியதும் பூசாரிக்குப் போன் போட்டார் என் கணவர். பூசாரி இரண்டு தடவை இருமினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. “அம்மா சரின்னுட்டா தம்பி. எதுக்குச் சரின்னான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்” என்றார்.

எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது. இத்தனை தூரம் வந்து கேட்டேன், நேராக ஒரு பதில் சொல்லக்கூடாதா? சென்னைக்கு வந்த பிறகு பத்து நாள் விளக்குக்கூட ஏற்றவில்லை. அப்புறம் பயம் வந்தது. கேள்வியை ஒழுங்காகக் கேட்காதது நான், கோபம் அவள் மேலா என்று. வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்க ஆரம்பித்தேன். அந்த வெள்ளிகளில் நான் வேண்டியது இதுதான். “அம்மா, சென்னையோ தஞ்சாவூரோ எனக்கு வேண்டாம். என் பிள்ளைக்குப் பேச்சு வரும் இடம் எது? அதை மட்டும் எனக்குப் புரிகிற மாதிரி காட்டு.”

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் எனக்கு வார விடுமுறை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். காலை ஒன்பது மணி ஆனது. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. கீழே சத்தமே இல்லை. பட்டறைக்காரர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மூன்று நாள் லீவு.

தேனு எப்போதும் பத்து மணிக்குள் காதிலிருந்து மெஷினைப் பிடுங்கி எறிந்துவிடுவாள். பிடிவாதம் என்று நான் அடித்தும் இருக்கிறேன். அன்று பதினொரு மணி ஆனது. மெஷின் காதிலேயே இருந்தது. பன்னிரண்டு ஆனது. இருந்தது. குக்கர் விசில் அடித்தது. அறையில் விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, சமையல்கட்டு வாசலில் நின்று குக்கரைப் பார்த்தாள்.

நான் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் அவள் காதில் பேச்சு போகவில்லை. கம்பி அறுக்கும் சத்தம்தான் போயிருக்கிறது. அது வலித்துத்தான் பிடுங்கி எறிந்திருக்கிறாள். அதற்கு அவளை அடித்திருக்கிறேன். புரிகிற மாதிரி காட்டு என்று கேட்டேன். அம்மன் எதுவும் பேசவில்லை. பட்டறையை மூன்று நாள் நிறுத்திக் காட்டினாள்.

அடுத்த தெரபி நாளில் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பூவையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ஒரு நாளைக்கு நீங்க எவ்வளவு நேரம் பாப்பாகிட்ட பேசுறீங்க?” என்று கேட்டார்.

யோசித்தேன். காலையில் அவசரமாக மெஷினை மாட்டிவிடும்போது நாலு வார்த்தை. நான் கடையிலிருந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவ்வளவுதான்.

“வாரத்துல ரெண்டு மணி நேரந்தாம்மா நான். மிச்சமெல்லாம் நீங்க” என்றார் டீச்சர். “எனக்காகவா இங்க இருக்கீங்க? தஞ்சாவூர்ல என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா, அவகிட்ட வாரம் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க. மாசம் ஒரு தடவ இங்க வாங்க. நடுவுல வீடியோவுல நான் பாக்குறேன். ஆனா அமைதியான வீடா பாருங்க. வீட்ல நீங்க இருக்கணும்.”

இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றப் போய் மீதி நேரம் முழுவதையும் விட்டுக்கொண்டிருந்தேன் என்று அன்றுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். “உங்க போகலாமாதான் சரி. பெருமையடிச்சுக்க வேணாம், சாமானக் கட்டுங்க.”

கார்த்திகையில் வந்துவிட்டோம். மார்கழி பிறந்தால் வீடு மாறக்கூடாது என்று அவசர அவசரமாக வந்தோம். தஞ்சாவூரில் கரந்தைப் பக்கம், தெருக்கோடியில் ஒரு மாடி வீடு. வீட்டுக்கார ராஜேஸ்வரி அக்கா கீழே இருக்கிறார். வீட்டு வாசலிலேயே இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கிறார். நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே வந்து பிள்ளை காதைப் பார்த்தார்.

“என்னது மிஷினு? காது கேக்காதா?”

எனக்கு அந்தக் காதுகுத்துப் பந்தி நினைவுக்கு வந்தது. சண்டைக்குத் தயாராகிவிட்டேன். “கேக்கும். மெஷின் போட்டா கேக்கும்” என்றேன் வெடுக்கென்று.

“அப்ப பேசுனா காதுல விழும்ல? அது போதும்” என்றார். அந்த நிமிஷம் பேச ஆரம்பித்தவர்தான், இன்றுவரை நிறுத்தவில்லை. மாவு விலை, மருமகள் குறை, ரேஷனில் பாமாயில் வந்தது வராதது எல்லாவற்றையும் என் நாலு வயது மகளிடம் சொல்வார். வாய் வலிக்காதா இந்த அம்மாவுக்கு என்று முதலில் எரிச்சலாக இருந்தது.

இங்கே வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். வந்த இரண்டாவது வாரம் தேனு இருந்த ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டாள். ‘போ’கூட இல்லை. காரைத் தள்ளினால் பேசாமல் பார்ப்பாள். மெஷின் காதில் இருந்தது, திரும்பிப் பார்த்தாள், ஆனால் வாய் மூடியே இருந்தது. ஐந்து வாரம். அந்த ஐந்து வாரம் என் எதிரிக்கும் வரக்கூடாது. மார்கழி விடியலில் எல்லோரும் கோலம் போட, நான் புள்ளியை வைத்துவிட்டு இழுக்க மறந்து நிற்பேன். தப்பு செய்துவிட்டோம், பிள்ளையைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டோம் என்று ஒரே நினைப்பு. என் கணவருக்கும் இங்கே சம்பளம் குறைவுதான். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். டீச்சர் வீடியோவில், “காத்திருங்க, உள்ள வாங்கிட்டிருக்கா” என்றார். நான் நம்பவில்லை. நம்பாமலே வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றினேன். நம்பிக்கை இல்லாமல் ஏற்றிய விளக்கையும் அம்மன் ஏற்றுக்கொண்டாள். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

தை பிறந்ததும் பக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். வேன் வரும். அவளுக்கு அந்த மஞ்சள் வேன் மேல் கொள்ளை ஆசை. ஒரு திங்கட்கிழமை காலை. என் கணவர் வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறார். நான் பிள்ளைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே மாவு வாங்க வந்தவர்களிடம் ராஜேஸ்வரி அக்கா பேசும் சத்தம். ஷூவை மாட்டி முடித்ததும் என் மகள் எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“வயேன்” என்றாள்.

“வேன் இன்னும் வரலடி. பேசாம இரு” என்றேன் நான்.

அவள் முகம் சுருங்கியது. காலைத் தரையில் உதைத்தாள். “வயேன்.”

“வராத வேனுக்கு நான் எங்க போறது?” என்று டிபன் டப்பாவைத் தேடப் போனேன்.

என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “கலா” என்றார். திரும்பிப் பார்த்தேன். “கலா, அவ வேன் கேக்கல. அவ உன்கிட்ட சொல்லிட்டுக் கெளம்புறா.”

அப்போதுதான் கேட்டது. கீழே மாவு வாங்கிய ஒருத்தி வாசல்படி இறங்கும் சத்தமும், “வரேன்க்கா” என்ற குரலும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்! மாவு வாங்கும் ஒவ்வொருவரும். பால்காரர். இவள் அப்பா. நம் ஊரில் யார் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்குகிறார்கள்? எல்லோரும் வரேன் என்றுதான் சொல்கிறோம். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் அவள் முகத்துக்கு நேரே உதட்டைக் காட்டிச் சொல்லவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, தன் காதால் தானே வாங்கியிருக்கிறாள். ‘ர’ மட்டும் இன்னும் வரவில்லை. காது கேட்கும் நான்தான் பிள்ளை சொன்னதைக் கேட்காமல் டிபன் டப்பா தேடிக்கொண்டிருந்தேன்.

ஓடிவந்து மண்டியிட்டேன். “போயிட்டு வாடி தங்கம்” என்றேன். முழு மூச்சில் முதல் தடவையாக, “போயிட்டு வா, தேன்மொழி” என்றேன். அந்தப் பெயரை முழுதாகச் சொன்னதற்கு எனக்கு அன்று வயிறு எரியவில்லை.

டீச்சருக்குப் போன் போட்டேன். டீச்சர் எடுத்ததும் போனை என் கணவர் கையில் கொடுத்துவிட்டேன். டீச்சர் வார்த்தையைக் கேட்டார். சொன்னோம். “இனிமே அவள நிறுத்த முடியாது” என்றார். பங்குனிக்குள் அம்மா வந்தது. அப்பா வந்தது. சித்திரையில் மாவு வந்தது. பாமாயிலும் வந்தது, ராஜேஸ்வரி அக்கா புண்ணியத்தில். இன்று அவள் நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். மாதம் ஒரு தடவை சென்னைக்கு ரயிலில் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வருகிறோம். பணக் கஷ்டம் முழுதாகத் தீரவில்லை. என் கணவர் வெயில் காலத்தில் ஞாயிறும் வேலை பார்க்கிறார். ஆனால் என் நெஞ்சு படபடப்பு நின்றுவிட்டது. வாயும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அவர் சொல்கிறார். அதை நீங்கள் நம்ப வேண்டாம்.

இந்த ஆடி வெள்ளிக்கு மாவிளக்கு போட வந்தோம். பூசாரி என்னைப் பார்த்ததும் கேட்டார். “என்னம்மா, எதுக்குச் சரின்னான்னு கண்டுபிடிச்சீங்களா?”

“அவரு கேட்டதுக்குத்தாங்க” என்றேன். பூசாரி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போது வேறு மாதிரி தோன்றுகிறது. போகலாமா என்று நாங்கள் இரண்டு பேரும் இடத்தைத்தான் கேட்டோம். பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று கேட்க இரண்டு பேருக்குமே பயம். சிவப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? நாங்கள் கேட்கப் பயந்த கேள்விக்கும் சேர்த்துத்தான் அம்மன் வெள்ளைப் பூவைக் கொடுத்திருக்கிறாள்.

உங்களில் யாராவது இப்போது என்னைப்போல் இங்கேயா அங்கேயா என்று தவித்துக்கொண்டிருந்தால், வாருங்கள். கேள்வியைச் சரியாக அமைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றில்லை. நான் தப்பாகக் கேட்டேன். கோபித்துக்கொண்டேன். நம்பாமல் விளக்கேற்றினேன். அத்தனைக்கும் அவள் என்னைத் தள்ளிவிடவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் பேச்சாக வராமல் போகலாம். சத்தம் நின்ற நேரத்தில் வரும், கவனமாக இருங்கள்.

அன்று நான் பேச முடியாமல் அழுதுவிட்டு உட்கார்ந்தேனே, அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் பிரசாத வரிசைக்குப் போய்விட்டீர்கள். என் மகள் சந்நிதியில் தனியாக நின்றாள். போன வருஷம் பூவைப் பார்த்துப் போ என்று கையை ஆட்டினாளே, அதே இடம். அதே மாதிரி கையை ஆட்டினாள். யாரும் தூண்டவில்லை. நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், இந்தத் தடவை ‘ர’ சரியாக வந்தது. “வரேன்மா.”